பசை போகட்டும், இழை இருக்கட்டும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: “முகத்தில் எண்ணெய் வழிகிறது, பருவும் விட்டபாடில்லை. தினம் ஐந்து முறை சோப்பு போடுகிறேன். எந்த ஃபேஸ்வாஷ் வாங்கலாம்?” தறி வீட்டுப் பிள்ளையாம். அப்படியானால் பதில் அவர் ஊர்ச் சாயப்பட்டறையிலேயே இருக்கிறது.

சாயம் ஏற்றுமுன் கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் கலந்த சுடுநீரில் வேகவைப்பார்கள். இழையைப் போர்த்தியிருக்கும் செரிசின் என்ற பசை கரையும். எடையில் ஏறக்குறையக் கால் பங்கு போய்விடும். உள்ளிருக்கும் ஃபைப்ராயின் இழை அப்போதுதான் பளபளக்கும். இரண்டுமே புரதம். செரிசின் காரத்தில் சட்டென்று கரையும், ஃபைப்ராயின் சற்றுத் தாங்கும். அந்தச் சின்ன இடைவெளியில்தான் சாயக்காரரின் கைத்திறன் முழுவதும் இருக்கிறது. சோடா கூடினால் இழையும் அரிபடும். பட்டு மினுக்கிழந்து தறியில் அறுந்துகொண்டே இருக்கும்.

முகத்தில் வழியும் எண்ணெய்தான் பசை. இழை எது? மேல்தோலின் இறந்த செல்களுக்கு இடையே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பமிலங்கள் சேர்ந்த பூச்சு. இதுவும் ஒரு பசைதான். ஆனால் இது போனால் புடவையே போச்சு. சோப்பு மூலக்கூறுகள் நீரில் உருண்டையாகத் திரண்டு எண்ணெயை வயிற்றில் வாங்கிக்கொள்கின்றன. திரளாமல் தனியே திரிபவை தோலுக்குள் நுழைந்து கெரட்டினை வீங்க வைக்கின்றன, பூச்சையும் குலைக்கின்றன. கழுவியதும் முகம் இழுத்துப் பிடிக்கிறதே, அது சுத்தத்தின் அடையாளம் அல்ல. இழை அரிபடுகிறது.

தோலுக்கு ஓர் ‘அமிலப் போர்வை’ உண்டு என்று 1928-லேயே ஷாட, மார்க்கியோனினி என்ற ஜெர்மானியர்கள் எழுதிவிட்டார்கள். தோலின் பி.எச். 5-ஐ ஒட்டியது, சோப்பினுடையது 9, 10. சோப்பை 5.5-க்கு இறக்கவும் முடியாது: அது மீண்டும் கொழுப்பமிலமாகிவிடும், அழுக்கெடுக்காது. சோப்பு உறையில் போடும் டி.எஃப்.எம். (மொத்தக் கொழுப்புப் பொருள்) எண்ணும் மென்மையைச் சொல்லாது.

ஆகவே சோப்பே இல்லாத, பி.எச். 5.5-ஐ ஒட்டிய ஃபேஸ்வாஷ் வாங்குங்கள். சோடியம் கோக்காயில் ஐசெதியோனேட் போன்ற பெயர் பட்டியலில் இருந்தால் நல்லது. காலை ஒன்று, இரவு ஒன்று, வியர்த்தால் இன்னொன்று, போதும். சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரைவதால் தோலின் துளைக்குள் இறங்கும். 2 சதவீதம் வரை இருக்கலாம். கரி, தங்கம், பட்டுப் புரதம் என்பதற்கெல்லாம் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். பட்டறையில் வடித்துக் கொட்டும் செரிசினையே அழகுப்பொருள்களில் சேர்க்கிறார்கள். ஒரு நிமிடத்தில் கழுவிவிடும் பொருளில் அதனால் என்ன பயன்?

எண்ணெய் சுரக்கும் அளவை முடிவுசெய்வது ஹார்மோன். பரு தொடங்குவது துளைக்குள்ளே. எந்த ஃபேஸ்வாஷும் அங்கே ஓரளவுதான் உதவும். தழும்பு விழத் தொடங்கினால் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள். அவர் பென்சாயில் பெராக்சைடு எழுதிக் கொடுக்கலாம். நல்ல மருந்துதான், ஆனால் துணிச் சாயத்தை வெளுத்துவிடும். அதைத் தடவிய கையோடு தறியில் உட்காராதீர்கள்.