சோளகத்துக்கு ஒரு கியர்

மேடு என்று சொல்லத்தக்க ஒரு நிலத்தைக் காண்பதற்கு வன்னியையும் கடந்து தெற்கே நெடுந்தூரம் பிரயாணஞ் செய்யவேண்டிய யாழ்ப்பாணத்தவனுக்குத் துவிச்சக்கரவண்டியில் கியர் எதற்கு என்பது, சண்டிலிப்பாயில் என் வண்டியை நெடுங்காலமாகத் திருத்தித் தரும் தம்பியின் சந்தேகம். "கியர் எண்டது மேடு ஏறத்தானே ஐயா, எங்கட ஊரில மேடு எங்க கிடக்கு?" என்றார். நியாயமான கேள்விதான். ஆயினும், ஆனி ஆடியில் சோளகக் காற்று எழுந்து வீசும் வேளையில், பின்கரியரில் ஒரு மூடை அரிசியோடு சங்கானைச் சந்தையைத் தாண்டி, இருபுறமும் நீர் விரிந்துகிடக்கும் பொன்னாலைப் பாலத்தில் காரைநகர் நோக்கி உழக்கிய எவரும் எங்கள் மேடு எங்கே கிடக்கிறது என்பதை அறிவர். மலையிலாவது உச்சிக்கு அப்பால் ஓர் இறக்கம் உண்டு. சோளகத்தில் அதுவும் இல்லை.

பாரமும் அத்தகையதே. 1990இல் பொருளாதாரத் தடை விழுந்து, பெற்றோல் கிடைத்தற்கரிய திரவியமாகி, மின்சாரமும் நின்றுபோன காலத்தில் இக்குடாநாட்டைச் சுமந்தது துவிச்சக்கரவண்டியே. வானொலி கேட்பதற்கும் அதன் டைனமோவையே சுழற்றினோம். 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமம் எழுந்து நாவற்குழிப் பாலத்தின் ஊடாகத் தென்மராட்சிக்கு நகர்ந்தபோது, முதியோரைக் கரியரிலும் குழந்தைகளைப் பாரிலும் ஏற்றி, உடுபுடவைகளைக் கைபிடியில் தொங்கவிட்டு, உழக்க இயலாது உருட்டிச் சென்ற பல்லாயிரவருள் நானும் ஒருவன். ஆகவே, சமதரையில் வாழ்பவனுக்கு விசையைப் பெருக்கும் யந்திரம் அநாவசியம் என்பாரோடு என்னால் உடன்பட முடிவதில்லை. முழங்கால் நோகத் தொடங்கிய இந்த வயதில் அந்த அபிப்பிராயம் இன்னும் உறுதிப்பட்டிருக்கிறது.

நம்மவர் கண்ட கியர், பின்சக்கரத்தின் நடுவில் ஒளிந்திருக்கும் ஸ்ரேமி ஆர்ச்சர். இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரில், 1903இல் றலி வண்டிகளின் அதிபர் பிராங் பவுடனின் ஆதரவில் பிறந்த அந்த நிறுவனம் 1936இல் வெளியிட்ட 'ஏ.டபிள்யூ' என்னும் மூன்று வேகக் கியரில், மிகத் தாழ்ந்த நிலையும் வேகத்தைக் கால்பங்கு மாத்திரமே குறைக்கும். சுவிற்சர்லாந்தில் வாழும் என் தமக்கையின் மகன் கொண்டுவந்து தந்ததோ, அந்நாட்டவரான புளோரியன் ஷ்லும்ப் என்னும் பொறியியலாளர் வகுத்த, கிராங்கினுள்ளேயே அடங்கியிருக்கும் கியர். சூரியனைச் சுற்றிக் கிரகங்கள் ஓடுவதுபோல நடுப் பற்சக்கரத்தைச் சுற்றிச் சிறு பற்சக்கரங்கள் ஓட, அவற்றை வெளியே ஒரு பல்வளையம் தழுவி நிற்கும் அமைப்பு அது. முன்னே 48 பல்லும் பின்னே 20 பல்லும் உள்ள 28 அங்குலச் சக்கர வண்டி ஒருமுறை உழக்கினால் ஏறத்தாழ 5.3 மீற்றர் நகரும். இந்தக் கியர் அதனை இரண்டரையில் ஒரு பங்காகக் குறைத்து 2.1 மீற்றராக்கும். நடையைவிடச் சற்றே விரைவு; ஆனால் இறங்கி உருட்ட வேண்டியதில்லை.

பொருத்துமுன் அளக்க வேண்டும் என்பதை நான் சிறிது மனவருத்தத்தோடு கற்றேன். என் பழைய றலியில், அச்சு ஓடும் குழலின் அகலம் 76 மில்லிமீற்றர். கியர் கேட்டதோ 68. அத்தனை ஆண்டுகள் உழைத்த வண்டியை அரிந்து குறைக்க மனம் இசையாமையால், கியர் கேட்ட அகலமுள்ள, என் மகன் பள்ளிக்கூடம் சென்ற வண்டியைத் திண்ணையில் கவிழ்த்தோம். கொட்டர்பின்னைக் கழற்றுவதில் அவசரம் ஆகாது: நட்டைப் பின்னின் நுனிமட்டத்துக்குத் தளர்த்தி, கிராங்கின் கீழே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, ஒரே உறுதியான அடியாக அடித்தால் பின்னும் வளையாது, போல்ஸ் உருளும் பாதையும் பழுதுபடாது. வலப்பக்கக் கப்பு இடம்புரியாக வெட்டப்பட்டது. வழமைபோல் இடப்பக்கமாகத் திருகுபவர் அதனை மேலும் இறுக்கிக்கொண்டே இருப்பார்.

அதன்பின் வருவதே பிரதான வேலை. குழலின் இரு வாய்களையும், கியரின் கூம்பு வளையங்கள் படிந்து இறுகுவதற்காக, 45 பாகையில் சரிவாகச் சீவ வேண்டும். இந்தச் சரிவு அழகுக்காக அன்று. கிரகச் சக்கர அமைப்பில் ஓர் உறுப்பை அசையாது நிறுத்தினாலன்றி வேகம் குறையாது. காலின் முறுக்கம் ஒரு பங்காயின் சங்கிலிச் சக்கரத்துக்கு இரண்டரைப் பங்கு செல்லும். எஞ்சிய ஒன்றரைப் பங்கு எதிர்முறுக்கம் முழுவதையும் வண்டியின் சட்டமே தாங்க வேண்டும். அந்தப் பிடிமானம் தளர்ந்தால் கியரின் கூடு குழலுக்குள்ளேயே சுழன்றுவிடும். எனவே எண்ணெய் விட்டு, வெட்டுளியை ஒரே திசையில் மெதுவாகச் சுழற்றி, பூச்சு நீங்கி வெள்ளிவளையம்போல் உலோகம் வாய்முழுவதும் சமமாகத் தெரியும்வரை சீவினோம். ஒரு முற்பகல் முழுவதும் அதற்கே சென்றது. கூடு அமர்ந்து, வளையங்கள் இறுகி, கிராங்குகள் ஏறிய பின் சங்கிலியைப் பூட்டியது சில நிமிட வேலைதான்.

பின்சக்கரத்தின் நட்டுகளை மட்டும் இருமுறை இறுக்கினேன். தாழ்ந்த கியரில் சங்கிலியின் இழுவை இரண்டரை மடங்காவதால், தளர்ந்த சக்கரம் ஒருபுறம் இழுபட்டுச் சட்டத்தில் உராயும்.

கியரை மாற்றக் கைபிடியில் விசையில்லை, வயரும் இல்லை. கிராங்கின் நடுவே இருபுறமும் உள்ள பொத்தான்களுள் ஒன்றைக் குதிக்காலால் தட்டினால் தாழும். மற்றதைத் தட்டினால் பழைய நிலை திரும்பும். அன்று மாலை, கேள்வி கேட்ட தம்பியே முதலில் ஏறினார். வெறும் கரியரோடு சீரணி அம்மன் கோயிலடிவரை சென்று திரும்பியவர், இறங்காமலே ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "ஐயா, அந்தப் புண்ணாக்கு மூடையையும் ஒருக்கால் தூக்கி வையுங்கோ" என்றார்.