ஒரே மரத்தின் பல முகங்கள்

வாலன்சியா, நேவல், சதை சிவந்த மோரோ, நம் சாத்துக்குடி எல்லாமே இனிப்பு ஆரஞ்சு என்ற ஒரே இனம். தோலும் சுவையும் வேறு. ஆனால் மைக்ரோசாட்டிலைட் என்னும் டிஎன்ஏ குறியீடுகளால் சோதித்தால் இந்த இனத்தின் ரகங்களைப் பிரித்தறிவதே கடினம். பம்பளிமாசும் மாண்டரினும் கலந்து உருவான ஒரு கலப்பின மரத்தின் வழிவந்தவை இவை. தாய்வழி பம்பளிமாசு: பசுங்கணிக டிஎன்ஏ அதைக் காட்டிக்கொடுக்கிறது.

விதை போட்டாலும் பெரும்பாலும் தாயின் நகலே முளைக்கும், ஏனெனில் கரு தாய்த் திசுவிலிருந்தே உருவாகிறது. புது ரகங்கள் பெரும்பாலும் பிறப்பது கிளையில் நேரும் திடீர் மாற்றத்தால்தான். மோரோவில் சிவப்பைத் தூண்டும் ‘ரூபி’ மரபணுவின் அருகே தாவும் டிஎன்ஏ துண்டு ஒன்று புகுந்திருப்பதை 2012இல் கண்டறிந்தார்கள். அந்தத் துண்டையே குறியீடாக்கினால் சதை சிவக்காத ரகங்களிலிருந்து மோரோவைப் பிரித்துவிடலாம். சிவப்பு ஏற இரவுக் குளிரும் வேண்டும். நம் சமவெளி வெயிலில் மோரோ வெளிறித்தான் பழுக்கும்.