சால்மன் மீனும் ஒரு காலி நாற்காலியும்

2010 டிசம்பர் 10 அன்று ஆஸ்லோவில், நோபல் அமைதிப் பரிசு மேடையில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. பரிசுக்குரிய லியூ சியாபோ சீனச் சிறையில் இருந்தார். 11 ஆண்டு தண்டனை, குற்றம், எழுதியது. பரிசு கொடுத்தது நாங்கள் அல்ல, நாடாளுமன்றம் நியமிக்கிற, ஆனால் யாருக்கும் கட்டுப்படாத 5 பேர் குழு என்று நார்வே அரசு சொல்லிப் பார்த்தது. பெய்ஜிங் காதில் ஏறவில்லை. அமைச்சர் சந்திப்புகள் நின்றன, 2008இல் தொடங்கிய தடையற்ற வணிகப் பேச்சும் நின்றது. நார்வே சால்மன் மீனுக்குச் சுகாதாரச் சோதனைகள் திடீரெனக் கூடின. பனிக்கட்டியில் வந்த மீன் அனுமதிக்காகக் காத்துக் கிடந்தால் என்ன ஆகும்? தடை என்று அறிவித்தால் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போடலாம். அறிவிக்காத தடைக்கு எங்கே போய் முறையிடுவது?

இந்தக் கதையை 'விழுமியமா, வணிகமா' என்கிற தராசில் வைத்தே சொல்கிறார்கள். தராசே தப்பு என்று படுகிறது. சீனச் சந்தையில் நார்வே சால்மனின் பங்கு சரிந்தது உண்மைதான். ஆனால் கொஞ்சம் மீன் வியட்நாம் வழியாகச் சுற்றிக்கொண்டு உள்ளே போனது. மொத்த வணிகமும் படுத்துவிடவில்லை. எண்ணெய்ப் பணத்தைச் சேர்த்து வைத்திருக்கிற நாடு வேறு. வயிற்றுப்பாட்டுக்காகப் பணிந்தது என்று சொல்ல வழியில்லை.

பிறகு எதற்காக? நார்வேக்கு 'அமைதி'யே ஓர் ஏற்றுமதிச் சரக்கு. 2002 இலங்கைப் போர்நிறுத்தத்தின்போது நமக்கு அறிமுகமானதும் அந்தச் சரக்குதான். எல்லோரோடும் பேச முடிவதையே தன் அடையாளமாக ஆக்கிக்கொண்ட நாட்டோடு ஒரு வல்லரசு பேச மறுத்தால், அடி மீனில் விழுவதைவிட அந்த அடையாளத்தில்தான் பலமாக விழும். விழுமியம் இங்கே வணிகத்துக்கு எதிர்ப்பதம் இல்லை, அதுவும் ஒரு முதலீடு.

எனவே சீனா கேட்டதும் சொல்லைத்தான். சரியாகச் சொன்னால், இனி வரப்போகிற மௌனத்தை. 2014 மே மாதம் தலாய் லாமா ஆஸ்லோ வந்தபோது பிரதமர் எர்னா சூல்பர்க் அவரைச் சந்திக்கவில்லை. 2016 டிசம்பர் 19 கூட்டறிக்கையில், சீனாவின் மைய நலன்களைக் குலைக்கும் செயல்களை ஆதரிப்பதில்லை என்று நார்வே ஒப்புக்கொண்டது. 2017 ஏப்ரலில் பிரதமர் பெய்ஜிங் போனார், வணிகப் பேச்சும் மீண்டும் துவங்கியது.

அந்த ஆண்டு ஜூலை 13 அன்று லியூ சியாபோ காவலில் இருந்தபடியே புற்றுநோயில் இறந்தார். அவர் சாகக் கிடந்த நாட்களில் நார்வே அரசு வாய் திறக்கத் தயங்கியது; இறந்த பிறகு இரங்கல் வந்தது. அந்த 5 பேர் குழுவை மட்டும் கூட்டறிக்கை கட்டுப்படுத்தவில்லை. இந்த அகால மரணத்தில் சீன அரசுக்குப் பெரும் பொறுப்பு உண்டு என்று அதன் தலைவர் அன்றே சொன்னார்.