வரிசை மாறினால் ஓசை மாறும்

மின்கித்தாரின் கம்பியை மீட்டும்போது, அதன் அதிர்வைக் கம்பிக்குக் கீழே உள்ள காந்தச் சுருள் சிறிய மின் சமிக்ஞையாக மாற்றுகிறது. அந்தச் சமிக்ஞை வடத்தின் வழியே பெருக்கியைச் சென்றடைந்து நாம் கேட்கும் இசையாகிறது. கித்தாருக்கும் பெருக்கிக்கும் இடையில், கலைஞரின் காலடியில் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும் சிறு பெட்டிகளே பெடல்கள். ஒலியைக் கரகரப்பாக்குவது திரிபுப் பெடல். ஒலித்த சுரத்தைச் சற்று நேரங்கழித்து மீண்டும் ஒலிக்கச் செய்வது எதிரொலிப் பெடல். மனிதக் குரலைப்போல் ஒலியை நெளியச் செய்வது வா-வா பெடல். இவற்றை எந்த வரிசையில் இணைக்கிறோம் என்பதைப் பொறுத்து இசையின் தன்மை மாறுபடும்.

மின்கித்தார் இசை பினாங்கு மாநிலத்திற்குப் புதியதன்று. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் எனும் சகோதரர்கள் பாடிப் புகழ்பெற்ற 'அலிகேட்ஸ்' இசைக்குழு 1960களின் இறுதியில் இங்குதான் தோன்றியது. மின்னணுவியலும் இம்மாநிலத்திற்குப் புதியதன்று. 1972ஆம் ஆண்டு பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப மண்டலம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் இண்டெல் நிறுவனம், அமெரிக்காவிற்கு வெளியே தனது முதல் தொழிற்சாலையை அங்கு அமைத்தது. இசையும் மின்னணுவியலும் சந்திக்கும் இடமே பெடல் எனலாம்.

கோளாறில் பிறந்த ஒலி

1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் நேஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் என்னும் பாடகரின் பாடல் பதிவு செய்யப்பட்டது. அப்போது ஒலிப்பதிவுக் கருவியில் ஏற்பட்ட பழுதால் கித்தாரின் ஒலி கரகரத்தது. அந்த ஒலி கேட்பவர்களைக் கவர்ந்தது. ஒலிப்பதிவுப் பொறியியலாளர் கிளென் ஸ்னாடி, அதே கரகரப்பைத் தரும் மின்சுற்றை வடிவமைத்தார். அது 1962இல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்னும் பெடலாக விற்பனைக்கு வந்தது. பழுது என்று ஒதுக்காமல், அது ஏன் நிகழ்ந்தது என்று ஆராய்ந்ததால் இசைக்கு ஒரு புதிய குரல் கிடைத்தது.

வரிசை ஏன் முக்கியம்?

ஓர் எண்ணை இரண்டால் பெருக்கி, பின்னர் மூன்றைக் கூட்டினால் வரும் விடையும், முதலில் மூன்றைக் கூட்டி, பின்னர் இரண்டால் பெருக்கினால் வரும் விடையும் ஒன்றல்ல. பெடல்களும் அத்தகையவையே. இதை ஓர் எளிய கணக்கின்வழி விளங்கிக்கொள்ளலாம்.

ஒரு திரிபுப் பெடல், சமிக்ஞையைப் பத்து மடங்கு பெருக்கி, 0.6 வோல்ட்டுக்கு மேற்பட்ட பகுதியை வெட்டிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரொலிப் பெடலோ தன்னிடம் வரும் சுரத்தைப் பாதி வலிமையில் ஒருமுறை திரும்ப ஒலிக்கிறது. கித்தாரிலிருந்து வரும் சமிக்ஞை 0.2 வோல்ட்.

திரிபுப் பெடல் முதலில் இருந்தால், 0.2 வோல்ட் பத்து மடங்காகி 2 வோல்ட்டாக உயரும், பின் 0.6 வோல்ட்டில் வெட்டப்படும். அடுத்து வரும் எதிரொலி அதில் பாதியாக, அதாவது 0.3 வோல்ட்டாக ஒலிக்கும். சுரம் முன்னே நிற்க, எதிரொலி பின்னணியில் அடங்கியிருக்கும்.

எதிரொலிப் பெடல் முதலில் இருந்தால், 0.2 வோல்ட் சுரமும் 0.1 வோல்ட் எதிரொலியும் திரிபுப் பெடலை அடையும். அவை முறையே 2 வோல்ட்டாகவும் 1 வோல்ட்டாகவும் உயர்ந்து, இரண்டுமே 0.6 வோல்ட்டில் வெட்டப்படும். இப்போது எதிரொலியும் சுரத்தின் அளவுக்கே உரத்து ஒலிக்கும். எதிரொலி அடங்குவதற்குள் அடுத்த சுரத்தை வாசித்தால், இரண்டும் ஒன்றாக வெட்டுப்பட்டுக் குழம்பிய ஓசையாகும். இதனால் பலர் திரிபுப் பெடலை முன்னும் எதிரொலிப் பெடலைப் பின்னும் வைக்கின்றனர். எனினும், அந்தக் குழப்பத்தையே விரும்பி வரிசையை மாற்றும் கலைஞர்களும் உள்ளனர்.

பெட்டிக்குள் இருப்பவை

1966இல் இங்கிலாந்தில் வெளிவந்த 'ஃபஸ் ஃபேஸ்' என்னும் பெடலை ஜிமி ஹென்ட்ரிக்ஸ் உலகறியச் செய்தார். அதன் மின்சுற்றில் இரண்டு டிரான்சிஸ்டர்கள், நான்கு மின்தடைகள், மூன்று மின்தேக்கிகள், இரண்டு திருகு கட்டுப்பாடுகள் என மொத்தம் பதினொரு பாகங்களே உள்ளன. எனவேதான் வீட்டிலேயே பெடல் செய்ய விரும்புவோர் பலர் இதிலிருந்து தொடங்குகின்றனர்.

பாகம் சிறிதாயினும் அதன் தாக்கம் பெரிது. தொடக்ககால ஃபஸ் ஃபேஸ் பெடல்களில் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் இருந்தன. வெப்பம் கூடும்போது இவற்றில் கசியும் மின்னோட்டமும் கூடும். ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் உயர்வுக்கு அது இரு மடங்காகும். குளிரூட்டிய அறையில் இனிமையாக ஒலித்த பெடல், 30 பாகையைத் தாண்டும் பினாங்கின் நண்பகல் வெயிலில், திறந்தவெளி மேடையில் வேறுவிதமாக ஒலிக்கக்கூடும். பின்னர் வந்த சிலிக்கான் டிரான்சிஸ்டர்களில் இக்கசிவு மிகக் குறைவு.

டையோடுகளைக் கொண்டு சமிக்ஞையை வெட்டும் பெடல்களில் மற்றொரு சோதனையும் செய்யலாம். சிலிக்கான் டையோடு ஏறக்குறைய 0.6 வோல்ட்டில் வெட்டும். அதற்குப் பதிலாகச் சிவப்பு எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தினால், வெட்டும் எல்லை ஏறக்குறைய 1.7 வோல்ட்டாக உயரும். ஒலி உரக்கும், கரகரப்பு குறையும்.

முறையாகச் சோதிப்போம்

மூன்று பெடல்களை ஆறு வகையாக வரிசைப்படுத்தலாம். நான்கு பெடல்கள் என்றால் 24 வகை. ஐந்து என்றால் 120 வகை. மனம்போன போக்கில் மாற்றிக்கொண்டே இருந்தால் எந்த மாற்றம் எந்த விளைவைத் தந்தது என்பது தெரியாது. ஆகவே, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். கித்தார், வாசிக்கும் சுரம், திருகுகளின் நிலை ஆகியவை மாறாதிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கேட்டதை அட்டவணையில் குறித்துக்கொள்ள வேண்டும்.

நம் செவியும் நம்மை ஏமாற்றக்கூடும். உரத்து ஒலிப்பதையே சிறந்தது என்று நாம் எண்ணிவிடுவோம். எனவே, ஒப்பிடும் முன் ஒலியின் அளவைச் சமப்படுத்த வேண்டும். எந்த வரிசை இயங்குகிறது என்பதைச் சொல்லாமல் நண்பர் ஒருவரை மாற்றி இணைக்கச் செய்வது இன்னும் நல்லது.

பாதுகாப்பும் இன்றியமையாதது. 9 வோல்ட் மின்கலத்தில் இயங்கும் சுற்றுகளை மட்டுமே செய்து பார்க்க வேண்டும். பற்றவைக்கும் வேலையை ஆசிரியரின் மேற்பார்வையில், காற்றோட்டமான இடத்தில், கண்ணாடி அணிந்து செய்ய வேண்டும். பெருக்கியை ஒருபோதும் திறக்கக்கூடாது. மின் இணைப்பைத் துண்டித்த பின்னரும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கலாம்.

எந்த ஓசை இனிமையானது என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். ஆனால், அந்த ஓசை எப்படிப் பிறந்தது என்பதற்குக் காரணம் உண்டு. அக்காரணத்தைத் தேடிக் கண்டறிபவர், பிறர் செய்த கருவியை வாங்கிப் பயன்படுத்துவதோடு நின்றுவிடுவதில்லை. தமக்கென ஓர் ஓசையைத் தாமே உருவாக்கிக்கொள்கிறார்.