தேசிங்கு ராஜனின் குடும்ப வரலாறு: பதவியும் வாரிசுரிமையும்

போரில் மாண்ட வீரனின் குடும்பச் செய்திகள் பொதுவாக அவன் வரலாற்றின் பின்னிணைப்பாகவே கருதப்பெறும். செஞ்சிக் கோட்டைத் தேசிங்கு ராஜனுக்கோ தந்தை மகன் உறவே போருக்குக் காரணமாயிற்று என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கதைப்பாடல் போற்றும் தேசிங்கின் இயற்பெயர் தேஜ் சிங். இவர்தம் தந்தை சொரூப் சிங், புந்தேல ராஜபுத்திரர். 1698இல் முகலாயர் மராட்டியரிடமிருந்து செஞ்சியைக் கைப்பற்றினர். பின்னர், ஔரங்கசீப்பின் ஆட்சியில் சொரூப் சிங் அக்கோட்டையின் கில்லேதாராக அமர்த்தப்பெற்றார்.

1714இல் அவர் இறந்ததும் மகன் கோட்டைப் பொறுப்பை ஏற்றார். ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான் அதனை ஏற்க மறுத்து, நிலுவைத் திறையையும் கோரினார். முகலாய ஆட்சிமுறையில் கில்லேதார் பதவி பேரரசரின் ஆணையால் வருவது, தந்தைவழிச் சொத்தன்று. மகனோ அதனைத் தம் குடும்ப உரிமையாகக் கொண்டார். இம்முரண் போராக முற்றியது. 1714 அக்டோபரில் தேஜ் சிங் களத்தில் வீழ்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 22.

மனைவி ராணிபாய் உடன்கட்டை ஏறினார். செஞ்சியின் செட்டிக்குளக் கரையை அவ்விடமாக மரபு சுட்டுகிறது. அவர் நினைவாகவே நவாபு ராணிப்பேட்டையை அமைத்தார் என்பது வழக்கு. ஊர்ப்பெயரில் நிலைத்தது அவர்தம் முழுப்பெயரன்று. அரசி என்னும் நிலையே.

கதைப்பாடல் வீரத்தை முன்னிறுத்துகிறது. ஆட்சி வரலாறு பதவியையும் திறையையும் பேசுகிறது. சி. எஸ். சீனிவாசாச்சாரியார் 1943இல் வெளியிட்ட செஞ்சி வரலாற்று நூல் இத்தேடலுக்குத் தக்க தொடக்கமாகும். இருவகைச் சான்றுகளையும் இணைத்து நோக்கும்போதே அம்மரணத்தின் காரணம் தெளிவாகிறது.