உங்களுக்குத் தெரியுமா? காலி வேறு, பூஜ்யம் வேறு!

2006 டிசம்பரிலும் அடுத்த மாதமும் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தில் கோத்தா திங்கி இரண்டு முறை மூழ்கியது. இத்தகைய நாள்களில் மழைமானியே முடங்கினால், வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் பதிவில் அன்றைய கட்டம் காலியாகிவிடும்.

உதாரணத்துக்கு, நான்கு நாள் மழை 12, 0, காலி, 30 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ‘ஆர்’ நிரல்மொழியில் சராசரி காணும் ‘கோல்மீன்ஸ்’ கட்டளை கொடுத்தால் சராசரி வராது. ‘என்ஏ’, அதாவது ‘மதிப்பு இல்லை’ என்று கைவிரித்துவிடும். காலியை நீக்கும்படி தனியாகச் சொன்னால் 14. பைத்தான் நிரல்மொழியின் பாண்டாஸ் நிரலகம் சொல்லாமலே நீக்கி அதே 14ஐத் தந்துவிடும். காலியிடத்தில் பூஜ்யம் போட்டாலோ 10.5தான். காலிக்கு அடையாளமாக -9999 என்று எழுதிவைத்த கோப்புகளும் உண்டு. கவனிக்காமல் சராசரி எடுத்தால் நாளுக்கு மைனஸ் 2,489 மில்லிமீட்டர் மழை!

ஆரின் பிடிவாதமே மேல்; காலி இருப்பதை அது மறைக்காது.

கொட்டித் தீர்த்த நாளில்தான் கருவி படுத்தது என்றால், அந்த நாளை விட்டுவிட்டுப் போட்ட சராசரி உண்மை மழையைக் குறைத்தே காட்டும். அதனால் நீரியலாளர்கள் அக்கம்பக்கத்து நிலையங்களின் பதிவை எடுத்து, கிட்டத்து நிலையத்துக்குக் கூடுதல் எடை கொடுத்து, விடுபட்ட நாளின் மழையை மதிப்பிடுகிறார்கள்.