உத்தியோகத்தை விட்டு உலைக்கு வந்தவர்கள்

தீப்பெட்டியை எடுக்கிறோம். குச்சியை உரசுகிறோம். குப்பென்று பற்றிக் கொள்கிறது. அந்தக் குச்சியின் தலையில் என்னென்ன இருக்கிறது தெரியுமா? பொட்டாசியம் குளோரேட், கந்தகம், பசை ஆகியவற்றோடு கண்ணாடித் தூளும் இருக்கிறது! உரசும்போது நல்ல பிடிப்புக் கிடைப்பதற்காக அதைச் சேர்க்கிறார்கள். பெட்டியின் பக்கத்தில் பூசியிருக்கும் மருந்திலும் கண்ணாடித் தூள் உண்டு.

ஆகவே சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்தாருக்கு நெருப்பும் புதிதல்ல, கண்ணாடியும் புதிதல்ல. ஆனால் "கண்ணாடிக் கலைஞர்" என்ற தொழில் புதிது. கண்ணாடியை உலையில் உருக்கி, இரும்புக் குழாயின் நுனியில் எடுத்து, வாயால் ஊதி, கிண்ணமாகவும் பூவாகவும் உருவமாகவும் ஆக்குபவரே கண்ணாடிக் கலைஞர்.

"நாங்க மருந்தோட மாரடிச்சது போதும். நீயாவது படிச்சு, நிழல்ல உட்கார்ந்து சம்பாதி" என்று பிள்ளைக்குச் சொல்லும் தாய்மார்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். அதில் நியாயம் இருக்கிறது. நெருப்பு இங்கே சோறு போட்டிருக்கிறது, உயிரையும் வாங்கியிருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் படித்து உத்தியோகம் பார்க்கும் பிள்ளை, "வேலையை விட்டு உலையில் தொழில் பழகப் போகிறேன்" என்றால் பெற்றவர்கள் பதறத்தானே செய்வார்கள்?

அமெரிக்காவிலும் ஒரு தகப்பனார் இப்படித்தான் தடுத்தார்.

கேக் சுட்ட கண்ணாடி

அவர் பெயர் ஜெஸ்ஸி லிட்டில்டன். கார்னிங் என்ற ஊரில், பெரிய கண்ணாடிக் கம்பெனி ஒன்றில் விஞ்ஞானியாக இருந்தார். 1913-ம் ஆண்டு ஒரு நாள், சூடு தாங்கும் கண்ணாடி ஜாடியின் அடிப்பாகத்தை அறுத்து வீட்டுக்கு எடுத்துப் போனார். அவர் மனைவி அதில் மாவை ஊற்றி அடுப்பில் வைத்துக் கேக் சுட்டார். கண்ணாடி உடையவில்லை, கேக்கும் நன்றாக வெந்தது! இன்று பல வீட்டுச் சமையலறைகளில் இருக்கும் "பைரெக்ஸ்" பாத்திரம் பிறந்த கதை இதுதான். 1915-ல் அது கடைக்கு வந்தது.

தகப்பனார் எதிர்ப்பு

1922-ல் அவருக்கு ஹார்வி என்ற மகன் பிறந்தார். மகனும் தம்மைப் போல விஞ்ஞானி ஆக வேண்டும் என்பது தகப்பனாரின் ஆசை. அதன்படியே மகன் பௌதிகம் படிக்கப் போனார். ஆனால் மனம் கலையில்தான் இருந்தது. படிப்பை மாற்றிக்கொண்டார். மண்பாண்டக் கலை கற்று, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் ஆனார்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் கண்ணாடி ஊதுவது பெரும்பாலும் தொழிற்சாலை வேலையாக இருந்தது. படம் வரைந்து கொடுப்பவர் ஒருவர். உலையில் நின்று ஊதுபவர் வேறொருவர். "ஒரே மனிதர் தம் சொந்தப் பட்டறையில், சின்ன உலையில், எல்லாவற்றையும் தாமே செய்ய முடியாதா?" என்று ஹார்வி கேட்டார்.

1962-ல் டொலிடோ நகரத்துக் கலைக்கூடத்தின் வளாகத்தில் உலை மூட்டிப் பார்த்தார். முதலில் உருக்கிய கண்ணாடி சொன்னபடி கேட்கவில்லை. அப்போது டொமினிக் லாபினோ என்ற நண்பர் கைகொடுத்தார். தம் கம்பெனியில் கண்ணாடி இழை தயாரிக்கப் பயன்படும் கோலிகளைக் கொடுத்து, "இவற்றை உருக்கிப் பாருங்கள்" என்றார். கோலிகள் உருகின. குழாயில் எடுத்து ஊதினார்கள். வெற்றி!

பிறகு ஹார்வி தம் பல்கலைக்கழகத்திலேயே கண்ணாடிக் கலையைக் கற்பித்தார். உலகப் புகழ் பெற்ற டேல் சிகுலி அவருடைய மாணவரே.

கோலி கொடுத்தவர்

லாபினோ கம்பெனியில் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர். பல கண்டுபிடிப்புகளுக்கு உரிமை பெற்றவர். அவருக்கும் கண்ணாடிக் கலையில் தீராத ஆசை. ஆனாலும் அவர் வேலையைத் திடீரென உதறவில்லை. 1963-ல் தம் பண்ணையில் சொந்தப் பட்டறை அமைத்தார். கை நன்றாகப் பழகிய பின், 1965-ல் உத்தியோகத்திலிருந்து விலகி முழுநேரக் கலைஞர் ஆனார்.

கல்கத்தா போன இருவர்

இனி நம் ஊருக்கு வருவோம். ஹார்வி பிறந்த அதே 1922-ல் சிவகாசி இளைஞர்கள் இருவர் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்கள். அவர்கள் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும். வானம் பொய்த்தால் வயிறு காயும் ஊர் சிவகாசி. அங்கே பிறந்த அவர்கள் கல்கத்தாவில் தங்கித் தீப்பெட்டித் தொழிலைப் பழகினார்கள். 1923-ல் ஊர் திரும்பித் தொழில் தொடங்கினார்கள். ஜெர்மனியிலிருந்து இயந்திரம் வரவழைத்தார்கள். அது கட்டுப்படியாகவில்லை. அவர்கள் ஓய்ந்து விடவில்லை. கையால் செய்யும் முறைக்கு மாறினார்கள். அதுவே ஊருக்கு வாழ்வு கொடுத்தது. அய்ய நாடாரின் பெயரைத் தாங்கிய அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963-ல் சிவகாசியில் தொடங்கப்பட்டது.

டொலிடோவானாலும் சிவகாசியானாலும் நடந்தது ஒன்றுதான். பெரிய ஆலையின் வழி கைகொடுக்காதபோது, சிறிய அளவில், கையால் செய்யும் வழியைக் கண்டார்கள். தொழில் தெரிந்தவர்களிடம் பணிவாகக் கற்றார்கள்.

என்ன தெரிந்திருக்க வேண்டும்?

கண்ணாடி உலையின் வெப்பம் 1000 டிகிரிக்கு மேல் போகும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி வேண்டும். நல்ல காற்றோட்டம் வேண்டும். கண்ணாடித் தூள் மூச்சில் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நெருப்போடு அலட்சியம் கூடாது என்பதை இந்த வட்டாரத்தாருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கண்ணாடித் தொழில் தமிழருக்கு அந்நியமும் அல்ல. புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள அரிக்கமேட்டில் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடி மணிகள் செய்தார்கள். இன்றும் உத்தரப் பிரதேசத்தின் பிரோசாபாத் நகரம் கண்ணாடி வளையலுக்குப் பேர்போனது. உலை எரியும் இடத்தை நேரில் பார்க்க விரும்புவோர் அங்கே போகலாம்.

"கலை சோறு போடுமா?" என்று பெற்றோர் கேட்பது தவறல்ல. அதற்குப் பிள்ளை வாயால் பதில் சொன்னால் போதாது. மாதச் சம்பளம் வரும்போதே ஓய்வு நாளில் தொழிலைப் பழக வேண்டும். செய்த பொருள் விலை போகிறதா என்று பார்க்க வேண்டும். அதுவே சரியான பதில்.

ஊதி முடித்த கிண்ணத்தை அப்படியே வெளிக்காற்றில் வைத்தால் அது விரிசல் விட்டுத் தெறித்துவிடும். அதனால் சுமார் 500 டிகிரி சூடுள்ள வேறொரு அடுப்பில் வைத்து, மணிக்கணக்கில் மெல்ல மெல்ல ஆற விடுகிறார்கள். வேலையை விட்டுக் கலைக்கு வருகிறவர்களுக்கும் இந்தப் பக்குவம் தேவை. ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறவும் பொறுக்க வேண்டும்!